மூன்று சென்டிமீட்டர்

2024 மார்ச் 11 அன்று ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றில் துளசியின் எடை 97 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர் என்று பதிவானது. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனம் கேட்ட குறைந்தபட்ச உடல் பருமன் குறியீடு முப்பத்தேழரை. அவளுக்கு வந்தது முப்பத்தேழு. விண்ணப்பம் திரும்பிவிட்டது. சர்க்கரையோ ஏறிக்கொண்டே இருந்தது.

மறுபடி அளக்க வந்த நாளில் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தாதி குணவதியைக் கண்டதும் எழுந்தாள்.

"ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டுட்டு வரட்டுமா, மிஸ்ஸி?"

"அதெல்லாம் வேணாம்லா. உச்சியில என்னக்கா, கோபுரமா?"

"பிறையில ஃபேக்டரி வேலை, தொப்பிக்குள்ள முடி அடங்கணும்ல."

"அவுருங்க. போன தடவ கொண்டையோடவே அளந்துட்டாங்க போல."

அளவுகோல் 159-இல் நின்றது. எடை அதே 97; உயரம் குறைந்ததும் குறியீடு முப்பத்தெட்டைத் தாண்டியது.

ஏப்ரல் 19 அன்று காப்புறுதி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வந்தது.