மந்திரிக்கு மட்டும் ஒரு பத்திரிகை

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாயம்மாள் கூடத்து நடுவிலேயே நின்றுவிட்டாள். வெற்றிலை பாக்கு, ரெண்டு வாழைப்பழம், கல்யாணப் பத்திரிகை, குங்குமச் சிமிழ் என்று எல்லோருக்கும் வைப்பதுபோலப் பழக்கத்தில் வைத்துவிட்டாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய நாத்தனார் மனோரமா. மாநிலத்தின் சமூக நலத்துறை மந்திரி. முப்பத்தாறு வருஷமாக விதவை.

தாயம்மாளின் புருஷன் கஜபதிதான் முதலில் சிமிழைப் பார்த்தான். கண்ணால் காட்டினான். தாயம்மாள் ஒரு கையால் சிமிழை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது தட்டில் ஒரு பக்கம் காலியாகத் தெரிந்தது. மந்திரியின் உதவியாளர் கங்காதரன் வேறு அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அதனால் உள்ளே போய் இன்னும் ரெண்டு பழம் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாள்.

"எடுத்துக்குங்க அண்ணி."

மனோரமா எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பார்த்ததை முகத்தில் காட்டாமல் இருப்பது எப்படி என்று மெட்ராஸ் கல்லூரியில் பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

பத்திரிகையில் 'சமூக நலத்துறை அமைச்சர் டாக்டர் மனோரமா அவர்கள் தலைமையில்' என்பதுதான் இருப்பதிலேயே பெரிய எழுத்து. அவளுடைய தம்பி மகள் சந்திராவின் பெயர் அதில் பாதி இருந்தது. மாப்பிள்ளை வேணுவின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முகூர்த்தம், ஆவணி மாதம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள்.

"ஒம்போது மணியா? நம்ம பக்கம் விடியறதுக்குள்ள முடிச்சுடுவாங்களேடா கஜா?"

"ஐயரு அப்டித்தான் குறிச்சிக் குடுத்தாருக்கா." கஜபதி துண்டால் கழுத்தைத் துடைத்தான். "நீயும் மெட்ராஸ்ல இருந்து வரணும் இல்ல? அவசரம் இல்லாம மெதுவா வா. முன்னாடி வந்து வெயிட் பண்ணினு இருக்காத."

"எவ்ளோ கேட்டாங்க மாப்ள வீட்ல?"

"ஒண்ணுமே கேக்கலக்கா! அந்த ஆதிகேசவன் தங்கமான மனுஷன். 'வரதட்சண பேச்சே எடுக்காதீங்க, மேடம் பேரு பத்திரிகைல இருந்தா போதும்'னுட்டாரு. பையன் உன் டிபார்ட்மென்ட்லதான கீறான். டெம்பரரி."

மனோரமா தலையாட்டினாள். வரதட்சணை வாங்காத கல்யாணம் என்று துறையின் மாத இதழில் போடலாமா என்று கங்காதரன் யோசித்துக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பும் நேரத்துக்கு சந்திரா வந்து சேர்ந்தாள். கே.ஜி.கண்டிகைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தவள், கொடி கட்டிய காரின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தாள்.

"அத்த, தாலிய நீதான் எடுத்துக் குடுக்கணும். சொல்லிட்டேன்."

"ஆவட்டும், பாக்கலாம்."

"மந்திரி பேச்சு வேணாம். வருவியா மாட்டியா?"

"வரேன்டி."

"தாலிக்கு வருவியான்னு கேட்டேன். சாப்பாட்டுக்கு இல்ல."

"வரேன்னு சொல்றேன் இல்ல? கைய எடு, கண்ணாடில மாட்டிக்கப் போவுது."

நாலு நாள் கழித்து மெட்ராஸுக்குத் தபாலில் இன்னொரு பத்திரிகை வந்தது. உறைமேல் சந்திராவின் கையெழுத்து. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அதே மஞ்சள் காகிதம், அதே பிள்ளையார், அதே பெரிய எழுத்தில் அதே அமைச்சர். முகூர்த்தம் மட்டும் ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள் என்றிருந்தது.

கங்காதரன் ரெண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"மேடம், சுற்றுப்பயணத்துல எந்த டைம் போடறது?"

மனோரமாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கௌரியம்மாளுக்கு மந்திரி வேண்டும், விதவை வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதுதான் சிக்கல். தாலி ஏறியபிறகு மந்திரி வந்து இறங்கினால் சிக்கல் தீர்ந்தது. தம்பி அச்சகத்துக்குப் போய் அவளுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை அடித்திருக்கிறான்.

பதினாலு வயதில் அவளுக்குக் கல்யாணம். பதினாறில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் அப்பா அவளை மெட்ராஸில் ஒரு விடுதியில் சேர்த்தார். அங்கே படிப்பு தவிர வேறு வேலை இல்லாததால் படித்தாள். சமூகப்பணிக் கல்லூரியில் வேலை கிடைத்தது. திருத்தணியைச் சுற்றி நெசவுத் தெருக்களில் வீடு வீடாகப் போய் அறுபத்துமூன்று விதவைகளைக் கேள்வி கேட்டு, ஐந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கினாள். அதில் பதினாலாவது ஆள் அவளுடைய சித்தப்பா மகள் கன்னியம்மாள். புத்தகத்தை மூன்று ஊர்ப் பேராசிரியர்கள் பாராட்டினார்கள். மேலவையில் இடம் கொடுத்தார்கள். பிறகு துறையையே கொடுத்தார்கள். கன்னியம்மாள் அப்போதும் கஜபதி வீட்டுப் பின்கட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மந்திரியான பிறகு மனோரமா ஒன்றைக் கற்றுக்கொண்டாள். விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுவது கலெக்டரின் மனைவி. சிறப்புரை மந்திரி. விளக்கேற்றி முடிந்தபிறகு மேடைக்கு வருகிற மாதிரி அவளே காரை மெதுவாக ஓட்டச் சொல்வாள். யாரும் அவளை வரவேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்ததில்லை. மறுவாழ்வுத் திட்டத்துக்குப் பணம் வாங்க வேண்டியிருக்கும்போது விளக்குக்காகச் சண்டை போடுவானேன் என்பது அவள் கணக்கு.

"ஒன்பதுன்னே போடுங்க," என்றாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே கார் கனகம்மாசத்திரம் வந்துவிட்டது. அங்கிருந்து மண்டபத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. மனோரமா ரோட்டோரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, கோப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டாள். டிரைவர் மூன்று டீ குடித்தார். ஏழரை ஆனது. இந்நேரம் தாலி ஏறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தைத் திருப்பாமல் எட்டரை வரைக்கும் அதே பக்கத்தைப் படித்தாள்.

மலையடிவாரத்து மண்டபத்தில் கார் நுழையும்போது மணி ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். நாயனக்காரர்கள் ஊதவில்லை, பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவிய ஆட்கள் யாரையும் காணோம். தாசில்தார் மட்டும் மாலையோடு வாசலில் நின்றார். கஜபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, நீயே வந்து சொல்லு. சந்திரா விடிகாலைல ரூமுக்குள்ள பூந்து தாப்பா போட்டவதான். தொறக்க மாட்டேங்கறா."

"தாலி?"

"எங்க தாலி? 'அத்த வந்துட்டாங்களா'ன்னு கேக்கறா. இன்னும் இல்லன்னா, 'பொடவ மடிப்பு சரியா வரல'ங்கறா. மொத முகூர்த்தம் போயே போச்சு. ஏழரையில இருந்து ராகுகாலம்னு ஐயரு பஞ்சாங்கத்த மூடிட்டு உக்காந்துட்டாரு."

"அப்போ கல்யாணம்?"

கஜபதி தரையைப் பார்த்தான். "ஒம்போதுல இருந்து பத்தரைக்கு இன்னொண்ணு கீதாம். நல்ல முகூர்த்தம்தான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பத்திரிகைல போய் கெட்ட நேரத்த அச்சடிக்க முடியுமாக்கா? பொண்ணு கல்யாணம் ஆச்சே. பஞ்சாங்கம் பாத்துத்தான் போட்டேன்."

அக்காவுக்குப் பொய் சொல்லலாம், அதையும் நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தம்பி நினைத்திருந்ததை மனோரமா புரிந்துகொண்டாள். மணமகள் அறைக் கதவைத் தட்டினாள். உடனே திறந்தது.

சந்திராவின் புடவை மடிப்பு ஒழுங்காகவே இருந்தது. தலையில் ஜடை, நெற்றியில் சுட்டி, கையில் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள். காத்திருந்த நேரத்தில் பாதிக்கட்டு திருத்தியிருந்தாள்.

"வந்துட்டியா அத்த. நான் அனுப்பிச்ச பத்திரிக வந்து சேரலியா?"

வரவில்லை என்று சொன்னால் முடிந்துவிடும். தபால் துறைமேல் போட்டுவிடலாம்.

"வந்துச்சு."

சந்திரா நோட்டை மூடினாள். "வந்துச்சா? அப்போ ஆறு மணின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நைனா உன்ன ஏமாத்தறாருன்னு நெனச்சுத்தான் கதவ சாத்தினேன். நூல் மூட்டைக்கு அடியில மீதி இருவத்துநாலு பத்திரிகைய ஒளிச்சு வெச்சிருந்தாரு. ஒண்ணுதான் வேணும்னாலும் பிரஸ்காரன் இருபத்தஞ்சுக்குக் கொறைய அடிக்க மாட்டானாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீ தெரிஞ்சே லேட்டா வந்தியா?"

"உன் கல்யாணத்துல கலாட்டா வேணாம்னுதான் சந்திரா. அவங்க வீட்ல நீதான் போயி வாழணும்."

"நைனாவுக்கு அவங்கள கண்டா பயம். சரி. உனக்கு யார கண்டா பயம்?"

மனோரமா கதவை அகலத் திறந்தாள்.

"வா. நேரமாவுது," என்றாள்.

மணமேடையில் வேணு காலையிலிருந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய் இருந்தான். தாலித்தட்டைப் பார்த்து மனோரமா கை நீட்டியதும் கௌரியம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். பணிவாகத்தான் வந்தாள்.

"அம்மா, உங்களுக்கு முன்னாடி வரிசைல சோபா போட்டு வெச்சிருக்கோம். உக்காருங்க. தாலி ஆனதும் போட்டோவுக்கு நாங்களே கூப்புடறோம்."

"நிக்கறேனே, பரவால்ல."

"அதுக்கு இல்லீங்க. நல்ல காரியம் பாருங்க. நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரியணும்? நீங்க படிச்சவங்க."

மனோரமா கங்காதரன் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ள எந்த ஆபீஸ்?"

"நம்ம டிபார்ட்மென்ட்தாங்க மேடம். தற்காலிகம்."

"தற்காலிகம்," என்று மனோரமா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஆதிகேசவன் மேடைக்கு எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். "ஏய், நகரு! அம்மா கை எப்பேர்ப்பட்ட ராசியான கை! ஒண்ணுமில்லாம இருந்து மந்திரி வரைக்கும் வந்த கை! நீங்க எடுத்துக் குடுங்கம்மா."

மனோரமா தாலியை எடுத்துக் கொடுத்தாள். வேணு கட்டினான். நாயனக்காரர்கள் வெறி பிடித்தவர்கள் மாதிரி ஊதினார்கள். பல்பு எரியவில்லை என்று போட்டோக்காரர் சொல்ல, ஆதிகேசவன் வெறுந்தட்டை மறுபடி கொண்டுவந்து மந்திரியின் கையில் கொடுத்து, தாலி கொடுக்கிற மாதிரி இன்னொருமுறை நிற்கச் சொன்னார். ஐந்நூறு பக்கத்தில் அசைக்க முடியாததை ஒரு வார்த்தையில் அசைத்தாயிற்று. அந்த வார்த்தை புத்தகத்தில் எங்கேயும் இல்லை என்பது அவளுக்கு நெருடிக்கொண்டே இருந்தது. அதற்குள் கௌரியம்மாளே தங்கச்சியின் கைக்குழந்தையைத் தூக்கிவந்து, "தலையில கைய வைங்கம்மா," என்று நின்றாள்.

கூட்டம் அட்சதை போட்டு முடித்ததும் மனோரமா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கன்னியம்மா எங்க?"

"பின்னாடி இருக்கும்," என்றாள் சந்திரா.

கொல்லைப் பக்கம், கோட்டை அடுப்புக்கு அந்தாண்டை, கன்னியம்மாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாயனச் சத்தத்தைக் கேட்டே தாலி ஏறியதைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"வா, வந்து பொண்ணுக்கு அட்சத போடு."

"நல்லாச் சொன்ன போக்கா." கன்னியம்மாள் கத்தியை நிறுத்தவில்லை. "உனுக்கு கொடி வெச்ச காரு கீது. எனக்கு நாளிக்கும் இந்த வூட்டுலதான் சோறு. ஆரு போடுவா?"

"நான் கஜபதிகிட்ட சொல்றேன்."

"நீ முன்னயும் சொன்ன. பொஸ்தகத்துல கூட எழுதினேன்னு சொன்ன."

மனோரமா அங்கே கிடந்த கோணியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டியிருந்தது பட்டுப்புடவை. கன்னியம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள், மனோரமாவும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். முதல் இலை மந்திரிக்கு. அது காலியாக இருந்தது. மந்திரி உட்காராமல் தாசில்தார் உட்கார மாட்டார். தாசில்தார் உட்காராமல் ஆதிகேசவன் உட்கார முடியாது. ஆதிகேசவன் உட்காராமல் சம்பந்தி வீட்டார் யாரும் உட்காரவில்லை. கஜபதி கொல்லைக்கு வந்து கையைப் பிசைந்தான்.

"அக்கா, இலை போட்டாச்சு."

"எனக்கு இங்க போட்டுடு. கன்னியம்மாவுக்கும்."

"இங்கயா? சாணி மெழுகின தரக்கா! தாசில்தாரு வேற..."

"அவருக்கும் இங்கயே போடு."

அன்றைக்கு முதல் பந்தி கொல்லையில் நடந்தது. ஜமுக்காளத்தைத் தூக்கிவந்து அடுப்புச் சாம்பல்மேல் விரித்தார்கள். மனோரமா, அடுத்து கன்னியம்மாள், அடுத்து தாசில்தார், அப்புறம் இன்ஸ்பெக்டர், ஆதிகேசவன், மூக்கைப் பிடித்துக்கொண்டு கௌரியம்மாள். சந்திரா மாலையோடு வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்தாள், பின்னாலேயே வேணுவும் வந்தான். கஜபதி வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் கன்னியம்மாள் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. பரிமாறுகிறவன் பழக்கதோஷத்தில் அவள் இலையைத் தாண்டிப் போனான். தாசில்தார், "யோவ்," என்றார். திரும்பிவந்து ஊற்றினான்.

கன்னியம்மாள் யாரையும் பார்க்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டாள். இலை முக்கால்வாசி காலியானதும் குனிந்தபடியே கேட்டாள்.

"யக்கா, உன் காரு எப்ப கெளம்பும்?"

"பதினோரு மணிக்கு."

கன்னியம்மாள் அந்தப் பக்கம் திரும்பித் தாசில்தாரிடம் மணி கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்தே முக்கால்ம்மா," என்றார்.

அவள் இலையை வழித்துச் சுத்தம் செய்துகொண்டாள். பிறகு கையை உயரத் தூக்கி, கொல்லை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"யப்பா, பாயசம்! இந்த இலைக்கு இன்னொரு தபா ஊத்து, சீக்கிரம்!"