பக்கப் எடுத்த இருவர்

சட்டன் நகரில் உள்ள ஒரு மளிகை மொத்த விற்பனை நிறுவனத்தில் கணினிகளுக்குப் பொறுப்பு துசியந்திதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வராத நேரம் பார்த்து, சேவர் என்ற தலைமைக் கணினியின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வந்திருந்தாள். அந்த ஒரே சேவருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடின. எல்லாவற்றுக்கும் பக்கப், அதாவது காப்புப் பிரதி, எடுத்த பிறகுதான் மாற்றத்தில் கைவைக்கலாம்.

மற்றவையெல்லாம் பிசகில்லாமல் முடிந்தன. கடைகள் சரக்குக் கேட்டு அனுப்பும் ஓடர்களை வைத்திருந்த கணினி மட்டும் முரண்டு பிடித்தது. பாதியில் நின்று, தோல்வி என்று சிவப்பில் காட்டியது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. நெட்வேர்க்கிலும் பிழையில்லை. கணினியை நிறுத்தித் திரும்பத் தொடக்கியும் பார்த்தாள். மசியவில்லை.

மேலாளர் பாலேந்திரா முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டில் படுத்திருந்தார். ஒவ்வொரு தோல்விக்கும் அவருக்கு ஒரு போன் போட்டு ஆறுதல் தேடிக்கொண்டாள்.

"அண்ணை, திரும்பவும் நிண்டிட்டுது."

"பாதியிலயோ?"

"ஓம்."

"எனக்கும் பாதியிலதான் நிக்குது, பிள்ளை."

துசியந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கும் எண்டா? நீங்கள் என்ன செய்யிறியள்?"

அந்தப் பக்கம் செருமல் கேட்டது. "நீ தனியக் கஷ்டப்படுறாய் எண்டு இஞ்சயிருந்து பழைய புரோகிராமால நானும் எடுத்துப் பாக்கிறன். உனக்குச் சரிவரேல்லை எண்டா என்ரையாவது கைகொடுக்குமெல்லோ."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அண்ணை, நான் எடுக்கேக்கை நீங்கள் குறுக்க வாறியள். நீங்கள் எடுக்கேக்கை நான் வாறன். ஒரே டிஸ்க்கை ரெண்டு பேரும் பிடிச்சு இழுத்தா அது என்ன செய்யும்? கையை எடுங்கோ."

அதே நேரம் பின்னாலிருந்து அவர் மனைவி தவநாயகியின் குரல் வந்தது. "டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர். போர்வைக்குள்ள லப்டொப்போ வைச்சிருக்கிறியள்?"

"எடுத்திட்டன், எடுத்திட்டன்" என்றார் பாலேந்திரா, இருவருக்கும் பொதுவாக.

துசியந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய புரோகிராம் விட்டுவைத்திருந்த அரைகுறைப் பிரதிகளைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பச்சைக் கோடு பாதியைத் தாண்டி, தயங்காமல் முடிவுவரை போய்ச் சேர்ந்தது. மாற்றமும் அதற்குப் பிறகு சொன்னபடி கேட்டது.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஓடர் கணினி கண்விழித்த கையோடு பிளேஸ்டோவிலிருந்து ஒரு கடைக்காரர் முருங்கைக்காய் கேட்டிருந்தார். அந்த ஓடரை ஏற்றுக்கொண்டு, துசியந்தி ஜன்னலைத் திறந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.