டம்ளருக்கு ஒரு மெஷின்

“அய்யய்யோ! இத யாருடி இதுல வெச்சது?”

செல்லம்மாள் போட்ட கூச்சலில் மங்கையின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. புதிதாக வாங்கிய பாத்திரம் கழுவும் மெஷினுக்குள், வீட்டுத் தட்டுகளோடு மங்கையின் டம்ளரும் உட்கார்ந்திருந்தது.

“நான்தாம்மா. எல்லாத்தையும் அதுல அடுக்கச் சொன்னீங்களே.”

“எல்லாம்னா? உன்னுதுமா?”

பதினோரு வருஷமாகச் சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இந்த வீட்டார் வாய்வைத்த அத்தனையையும் துலக்குகிறவள் மங்கை. அவள் கை படலாமாம். அவள் வாய்வைத்த டம்ளர் மட்டும் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில்தான் குடியிருக்க வேண்டுமாம். என்ன நியாயமோ! அதில் விழும் டீயும் அரை முழ உயரத்திலிருந்துதான் விழும். அதைப் பார்த்து வயிறெரியாத நாளில்லை. ஆனால் வெறும் வயிற்றோடு வருகிறவளுக்கு அந்த டீயை விட்டுவிடவும் மனசு வராது.

வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி ஓடி வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்; கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“டென்ஷன் ஆவாத செல்லம்மா. மங்க, நீயும் பயப்படாத. நான் வித்தியாசம் பாக்கறவன் இல்ல. நம்ம ஊட்ல மெஷின்னா எல்லாருக்கும் மெஷின்தான். உன் டம்ளருக்குத் தனியா ஒண்ணு செஞ்சுடறன்!”

செய்தேவிட்டார் மனுஷன். பத்தே நாளில், பின்பக்கச் சுவர்மேல் ஒரு சைக்கிள் ரிம், கார் வைப்பர் மோட்டார், மூன்று பல் துலக்கும் பிரஷ், நடுவில் மங்கையின் டம்ளர். எதிர்வீட்டுத் தங்கராஜ் வந்து ரிப்பன் வெட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் கேசரி, போண்டா. மெஷின் கடகடவென்று ஆடத் தொடங்கியது. ஒரு டம்ளரைக் கழுவ நாற்பது நிமிஷம்! மங்கை டீக்காகக் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“இதுக்குத் தண்ணி எங்கேர்ந்து சார் வருது?” என்றாள் மங்கை.

“அப்படிக் கேளு! உள்ள பெரிய மெஷின் தட்டெல்லாம் கழுவி வெளிய உடுதுல்ல, அந்தத் தண்ணியவே இதுக்குத் திருப்பி உட்டுட்டேன். ஒரு சொட்டு வேஸ்ட் இல்ல!”

தங்கராஜ் கை தட்டினார். மங்கை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கறிவேப்பிலையும் இரண்டு சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தன.

செல்லம்மாள் டீச்சொம்போடு வந்தாள்.

“வேணாம்மா” என்றாள் மங்கை.

“ஏன், இன்னா வந்துச்சு உனக்கு?”

“உங்க எச்சித் தண்ணில கழுவினது. எங்க ஊட்ல அதெல்லாம் ஆவாது.”

தங்கராஜ் கையிலிருந்த போண்டாவைத் தட்டிலேயே வைத்தார். மெஷின் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள், வேலை போனால் போகட்டும் என்றுதான் மங்கை பஸ் ஏறினாள். உள்ளே போனால், முந்தின நாள் விருந்துப் பாத்திரமெல்லாம் காய்ந்துபோய்க் குவிந்து கிடந்தது. சுரண்டி வழித்து அடுக்கிக் கொடுக்க ஆளில்லாமல் பெரிய மெஷின் வாயைப் பிளந்து நின்றது. செல்லம்மாள் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே டீ போட்டாள்.

மங்கை பையிலிருந்து தன் வீட்டு டம்ளரை எடுத்து அடுப்பு மேடைமேலேயே வைத்தாள். “இத யாரும் தொடாதீங்கம்மா” என்றாள்.

டீயை ஊற்றச் சொம்பு வழக்கமான உயரத்துக்கு எழுந்தது. மங்கை டம்ளரை எடுத்து இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிப் பிடித்தாள்.

“இன்னும் ஒசரமா ஊத்துங்கம்மா. உங்க சொம்பு பட்டுடப் போவுது.”