பொது வார்டு

திண்டிவனம் நகராட்சித் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல, பொது. பொது என்றால் ஆம்பளைக்கு என்றுதான் ஊரே நினைத்திருந்தது. வட்டச் செயலாளர் நெடுஞ்செழியன் தன் பெயரை எழுத நாற்பது சுவர்களை முன்கூட்டியே பிடித்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டார். அப்போது பார்த்துக் கட்சி ஒரு முடிவெடுத்தது. பொது வார்டுகளிலும் பாதியில் பெண்களைத்தான் நிறுத்துவது. சட்டம் என்றைக்கும் அதைத் தடுத்ததில்லை, தடுத்ததெல்லாம் ஆட்கள்தான். இந்த வார்டும் அந்தப் பாதியில் வந்தது.

நெடுஞ்செழியனுக்கு ஒருநாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மனைவி காந்திமதி பெயரில் விருப்ப மனு கொடுத்தார். பேர்தான் அவளுது, நாற்காலி என்னுது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.

அதே வார்டுக்கு இன்னொரு மனுவும் போயிருந்தது, சித்தாள் சவுரியம்மாளுடையது. இருபத்தாறு வருஷமாகக் கலவைச் சட்டி சுமக்கிறவள். கட்சிக் கூட்டம் என்றால் தெருப்பெண்களை வேனில் ஏற்றிக் கூட்டிப்போவது அவள் வேலை, மேடை ஏறுவது மற்றவர் வேலை. இந்த முறை விட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைய கூலியை விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து விழுப்புரத்தில் இறங்கினாள்.

வேட்பாளர் நேர்காணல் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மனைவிகள் பின்னால் நடக்க, கணவர்கள் ஃபைலோடு முன்னால் நுழைந்தார்கள். பொறுப்பாளர் அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“வேட்பாளருங்க மட்டும் இருங்க. ஆம்பளைங்கல்லாம் வெளியே போய் டீ சாப்புடுங்க.”

ஒரே வார்டு என்பதால் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். வார்டில் பெரிய குறை என்ன என்று கேள்வி. காந்திமதி காரில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். நாலாவது வரியில் நின்றுபோனது.

“நீ சொல்லும்மா” என்றாள் அன்புச்செல்வி, சவுரியம்மாளிடம்.

“மாதா கோயில் தெரு கால்வாய்ங்க. மழை பேஞ்சா தண்ணி ஊட்டுக்குள்ள வருது.”

“ஏன் வருது?”

“தண்ணி ஓடற வாட்டம் தப்புங்க. தெக்கால போவ வேண்டிய தண்ணிய வடக்கால திருப்பிட்டாங்க. அதுக்குக் கலவை கொட்டினதே நாந்தான். அன்னிக்கே சொன்னேன். சட்டி தூக்கறவளுக்கு இன்னா தெரியும்னாரு மேஸ்திரி.”

“இப்ப இன்னா பண்ணுவ?”

“ஒடச்சிப் போடணும். எங்க ஒடைக்கணும்னு எனக்குத் தெரியும்.”

காந்திமதி மெல்ல வாய் திறந்தாள். “எங்க பின்கட்டுலயும் அந்தத் தண்ணிதாங்க நிக்குது.”

மதியம் மூன்று மணிக்குப் பட்டியல் வாசித்தார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் சவுரியம்மாளுக்கு மூன்றாம் மாடிக்குச் சட்டியோடு ஓடியே ஏறியதுபோல் மூச்சு வாங்கியது. கூட வந்தவர் யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வேட்புமனுவுக்கு மறுநாள்தான் கடைசி நாள். அதே வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். எப்போதும் வட்டச் செயலாளர் போடுகிற கையெழுத்து அது. அவர் ஒதுங்கினால் கட்சிக்காரன் ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். அன்புச்செல்வி நெடுஞ்செழியனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“நாளைக்கு வல்லத்துல ஒரு சாவுங்க” என்றார் அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே.

“நாளைக்கா? ஆளு இன்னும் உயிரோடதான் இருக்காரா?”

மண்டபம் சிரித்தது. சவுரியம்மாள் சிரிக்கவில்லை. கைக்கு வந்தது நழுவுகிறதே என்று அன்புச்செல்வியையே பார்த்தாள்.

“நான் போடறங்க கையெழுத்து” என்றாள் காந்திமதி. “எனக்கும் அந்த வார்டுலதான் ஓட்டு.”

நெடுஞ்செழியன் திரும்பினார். “நீ கார்ல ஏறு.”

“நீங்க போங்க. நான் அக்காவோட பஸ்ல வர்றேன். சுவத்துலயெல்லாம் அக்கா பேரு எழுத ஆள் புடிக்கணும். நீங்க அடிச்ச சுண்ணாம்பு காஞ்சிருக்கும்.”

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.