குடைக்கம்பி

“துணிய அவுக்காதீங்க, அப்பிடியே மேல ஊத்துங்க” என்றார் பச்சமுத்து.

சொக்கம்மாள் குடத்தைச் சாய்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துச் சுற்றியனுப்பிய வெள்ளைத் துணியில் தண்ணீர் ஊறிப் பரவியது. அவள் புருஷன் வீராசாமியின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மீசை முறுக்கு இன்னும் கலையவில்லை.

வாசலில் பச்சைப் பாடை கட்டியாகிவிட்டது. கொள்ளிச்சட்டியில்தான் நெருப்புப் போடவில்லை. பச்சமுத்து தடுத்திருந்தார். செத்தவருக்குப் பெரியப்பா மகன். மானாம்பதியில் சாவு விழுந்தால் முறை சொல்கிறவர் அவர்தான்.

“தானா போக்கிக்கினு போன உசுருன்னா பொதைக்கணும். நெருப்பு வெக்கக் கூடாது. நானா சொல்றன்? நம்ம வயக்கம் அப்பிடி. நீ சொல்லு சொக்கம்மா, நேத்து காத்தால வூட்ல இன்னா பேச்சு?”

அவள் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

பேச்சு நடக்கத்தான் நடந்தது. பட்டாளத்தில் சுபேதாராக இருந்த வீராசாமி, லைசென்சோடு ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். ஏரியோரக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி வெடிப்பார். முந்தின ராத்திரி ஒன்றுதான் வெடித்தது. சுட்ட தோட்டாவின் ஓடு உள்ளேயே சிக்கிக்கொள்ள, பன்றிகள் பாதி வேர்க்கடலையைக் கிளறிவிட்டுப் போயின.

“பன்னிங்க உன் துப்பாக்கியப் பாத்து சிரிச்சிக்கினு போயிருக்கும்” என்றாள் சொக்கம்மாள், பன்றிகள் பிடுங்கிப்போட்ட செடிகளைக் களத்தில் கொட்டியபடி. “ஒரு தகர டப்பா தட்டியிருந்தா ஓடியிருக்கும்.”

“கோச்சிக்காத. சரி பண்ணிட்டு வரேன். நாளிக்குப் பாரு, பன்னிங்க அயுதுக்கினு ஓடும்.”

“ஆமா, அந்த இரும்பையே கட்டிக்கினு சாவு.”

நாள் தவறாமல் சொல்கிற வார்த்தைதான். மாட்டுக்கும் சொல்வாள், அடுப்புக்கும் சொல்வாள். சற்று நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் வெடிச் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீராசாமி தொட்டியோரம் விழுந்து கிடந்தார்.

பிணத்தோடு வண்டியில் வந்த ஏட்டு ஏகாம்பரம், பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர்.

“அம்மா, நான் பாத்தத சொல்லிடறேன். சுட்ட ஓட்டப் புடிச்சி வெளிய இழுத்துப் போடறதுக்கு அதுல ஒரு சின்ன கொக்கி கீது. அது ஓரம் ஒடஞ்சி போச்சி. அதான் ஓடு சிக்கினது. அத்த அவரு குழாய் வாயில எதையோ உட்டுத் தள்ளி எடுத்துட்டாரு, ஓடு அங்கயே கெடந்துச்சி. அப்பறம் சரியாச்சான்னு பாக்க நல்ல தோட்டா ஒண்ண ஏத்திக்கீறாரு. அதுவும் வெளிய வரல. எங்க போலீஸ் லைன்ல மருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டுப் பாப்போம். அவருகிட்ட அது ஏது? குழாய் வாய தன் பக்கம் வெச்சி இத்தயும் தள்ளசொல்ல வெடிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.”

“தோணுது!” என்றார் பச்சமுத்து. “பட்டாளத்துக்காரனுக்கு இது தெரியாதாக்கும்?”

“நீச்சல் தெரிஞ்சவந்தான் கெணத்துல குதிக்கிறான், பெரியவரே. ஆனா தள்ளினது எதுலன்னு தெரியல. அங்க கம்பியும் இல்ல, குச்சியும் இல்ல. அதனாலதான் எஸ்.ஐ. விபத்துன்னு எழுதாம வெச்சிக்கீறாரு.”

அப்போது தூறல் விழுந்தது. மகன் முத்துவேல் உள்ளே ஓடி, குடையை எடுத்துவந்து அப்பன் முகத்துக்கு மேல் விரித்தான். ஒரு மூலை மட்டும் எழும்பாமல் தொய்ந்து தொங்கியது.

சொக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தாநாள் அவள் பெருமாள் கோயிலுக்குப் பிடித்துப்போன குடை அது. அப்போது முழுசாக இருந்தது.

“இதுல ஒரு கம்பி காணோம்” என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால், படலோரம் நின்றிருந்த சிட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டகையில் சாணி அள்ளுகிறவள்.

“யம்மா, அது நேத்து போலீசு வரதுக்கு மின்ன மாட்ட அவுக்கசொல்ல தொட்டிக்கு அடியில கெடந்துச்சி. கண்ணுக்குட்டி கால்ல குத்திடப் போவுதேன்னு எடுத்து கூரையில சொருகி வெச்சேன். எனக்கு இன்னா தெரியும்மா!”

நல்லது செய்கிறவருக்கே தான் செய்தது தெரியாமல் போவதுண்டு. கடவுள் பெரும்பாலும் அப்படிப்பட்ட கைகளாகத்தான் பார்த்து எடுத்துக்கொள்கிறார்.

ஏகாம்பரமே போய்க் கூரையிலிருந்து அதை உருவி வந்தார். வில்லாக வளைந்திருந்தது. நுனியை விரலால் தேய்த்து முகர்ந்தார். கறுத்த விரலைப் பச்சமுத்துவிடம் நீட்டினார்.

“வெடிமருந்துக் கரி. சாவ நெனைக்கிறவன் குடையப் பிரிச்சி கம்பி உருவ மாட்டான், பெரியவரே.”

பச்சமுத்து அந்த விரலையே பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“முத்துவேலு, சட்டியில நெருப்பு போடுடா.”

நின்றிருந்த ஒப்பாரி மறுபடி எழுந்தது. “பாத்தியா, உன்மேல ஒரு கொறையும் இல்ல” என்று யாரோ சொக்கம்மாளின் முதுகைத் தடவினார்கள். அவள் களத்தைப் பார்த்தாள். வேர்க்கடலைச் செடிகள் கொட்டியபடியே நனைந்துகொண்டிருந்தன.

பாடை கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன முத்துவேலுக்குத் தூறல் வலுத்ததும் நடை தடுமாறியது. ஏகாம்பரம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையை வாங்கி நெருப்புக்கு மேல் பிடித்தபடி கூடவே நடந்தார்.

சொக்கம்மாள் படலைப் பிடித்துக்கொண்டு, தொங்கும் அந்த மூலையையே பார்த்து நின்றாள். கம்பியில்லாத பக்கத்துத் தண்ணீர் முழுவதும் ஏகாம்பரத்தின் தோளில் வழிந்தது. அவர் குடையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. திருப்பினால் அது சட்டியில் வழியும்.