ஒரிஜினலைக் கொடுத்த சனிக்கிழமை

தேவராஜ் அண்ணன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே அவருடைய டிரைவர்களின் லைசென்ஸ் அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட கட்டாக. ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஒரிஜினலக் குடுங்க நைனா. ரெண்டு பேரும்."

தமிழரசு உடனே கொடுத்துவிட்டான். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அங்கே இருந்தது நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ். ஒரிஜினல் அட்டை இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மத்தியானமே, பூந்தமல்லி பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஒரு கன்டெய்னர் கம்பெனியின் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது. அது தமிழரசுக்குத் தெரியாது.

போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் இப்போதெல்லாம் ஃபோனில் காட்டினால் போதும். ஆனால் நான் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் முதலாளிக்கு அட்டை கையில் வேண்டும். அது அவரிடம் இருக்கிற வரைக்கும் வண்டியைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓட மாட்டோம் என்று ஒரு நம்பிக்கை. எந்தச் சட்டமும் இப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டார்கள், எல்லோரும் கொடுத்தார்கள். அதனால் ஒரு டிரைவருக்கு ஒரு நேரத்தில் ஒரு முதலாளிதான்.

நானும் தமிழரசும் சேக்காட்டில் அடுத்தடுத்த தெரு. அவன் ஜல்லி லாரியிலும் நான் சிமென்ட் லாரியிலும் நான்கு வருஷம் கிளீனராக இருந்தோம். ஹெவி லைசென்ஸுக்கு ஒரே பள்ளியில் சேர்ந்தோம். அங்கே இருந்தது ஒரே ஒரு கிழட்டு லாரி. மூன்றாவது கியர் போட்டால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் பார்க்க, பக்கத்தில் இருக்கிறவன் கியர் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஓட்டும்போது அவன் பிடிப்பான், அவன் ஓட்டும்போது நான். மற்ற மாணவர்கள் பிடிக்கத் தெரியாமல் சண்டை போடுவார்கள். எங்களுக்கு வாயே திறக்க வேண்டாம். கிளட்சின் சத்தத்திலேயே தெரிந்துவிடும், இப்போது விட வேண்டும், இப்போது பிடிக்க வேண்டும் என்று. இன்றைக்கு நான் ஓட்டுகிற டிரெய்லரில் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிழட்டு லாரியை நினைத்தால் உள்ளங்கை இப்போதும் அரிக்கும்.

லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே வேலையை முடிவு செய்திருந்தோம். முத்தாபுதுப்பேட்டையில் தேவராஜ் அண்ணனின் லாரி ஷெட். நாக்பூர் லைன், பன்னிரண்டு சக்கர வண்டி. அவரிடம் ஒண்டி ஆளுக்கு வேலை கிடையாது, ஜோடியாகத்தான் வர வேண்டும். "ஒர்த்தன் தூங்கசொல்ல இன்னொர்த்தன் ஓட்டணும். கூட இருக்கறவன் மேல நம்பிக்க இல்லன்னா எவனுக்கும் தூக்கம் வராது" என்பார். அதைக் கேட்ட நாளிலிருந்து தமிழரசுக்குப் பேச்செல்லாம் நாக்பூர்தான். எங்கே குளிப்பது, எங்கே சமைப்பது, ரசம் யார் வைப்பது. நானும் கூடக் கூடப் பேசினேன். பொய்யாகப் பேசவில்லை. அப்போது எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்குப் போனேன், நிஷாவின் அப்பா நாகப்பனைப் பார்க்க. நானும் நிஷாவும் பழகுவது அவருக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். டீ கொடுத்தார்.

"லைன் வண்டி டிரைவருக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்பா. பத்து நாளு அங்க, ஒரு நாளு இங்கன்னு என் பொண்ணு வாசலயே பாத்துகினு கெடக்கணுமா? உள்ளூர்ல ஓட்டு. ராத்திரி ஊட்டாண்ட வந்து சோறு துன்னு. அப்பால வந்து பேசு."

மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போனேன். யார்டிலிருந்து ஹார்பர், ஹார்பரிலிருந்து யார்டு. ஸ்ரீநாத் என்று ஒரு ஆபீஸ்காரர் அட்டையை வாங்கி, "ஆறு மாசம் இங்கதான் இருக்கும், பரவால்லயா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தமிழரசிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் ஆவடி மார்க்கெட்டிலிருந்து ஒரு குக்கரோடு வந்து நின்றான். "மூணு லிட்டர் மச்சான். ரெண்டு பேருக்குக் கரெக்டா இர்க்கும்." அதற்கு மேல் என் வாய் எப்படித் திறக்கும்?

"இன்னாபா, உதயா? சட்டைக்குள்ள இன்னா தேட்ற, பல்லியா?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"ஊட்லயே வெச்சிட்டேன்ணே."

"அப்ப போயி எட்த்துகினு வா. ரெண்டு மணிக்கு அம்பத்தூர்ல லோடு கீது."

தமிழரசு தன் பைக் சாவியை என் கையில் திணித்தான். "சேக்காடு தானே, பறந்துட்டு வா. லூசு. கல்யாணத்தன்னிக்குத் தாலிய மறந்துட்டு வருவ நீ."

வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்தேன். பூந்தமல்லி போய்ச் சண்டை போட்டால் ஸ்ரீநாத் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம். நாகப்பனிடம் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஷெட் வாசலில், ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கி யோசித்தேன். அட்டையை வாங்கி வந்தால் தமிழரசு. வாங்காமல் விட்டால் என்ன என்று தெரியவில்லை, ஆனால் அங்கே நிஷா இருந்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

"கார்டு ஊட்ல இல்ல மச்சான். கம்பெனில குட்த்துட்டேன். சனிக்கெழமையே."

தமிழரசு முதலில் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"நிஷாவா?"

"ம்."

"அத்த நேத்தே சொல்ல வேண்டியது தானே? நான் இன்னா, ஒன்ன கையக் காலக் கட்டியா இட்டுகினு போவப் போறேன்?" அதற்கப்புறம் அவன் என் பக்கம் திரும்பவில்லை.

தேவராஜ் அண்ணன் கட்டிலிருந்து அவனுடைய அட்டையை உருவி மேஜையில் தள்ளினார். "ஜோடி இல்லன்னா வேல இல்ல நைனா. எட்த்துகினு கெளம்பு."

அவன் அட்டையைத் தொடவில்லை. நான்கு வருஷம் ஜல்லித் தூசி தின்று வாங்கிய அட்டை அது. என்னால் அவனுக்கும் வேலை போகிறது. "அண்ணே, தப்பு என்னுதுண்ணே" என்றேன். அண்ணன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"யாரு கூட வேணா போறேன்ணே" என்றான் தமிழரசு. "இந்த வண்டி மட்டும் குடுங்க."

அண்ணன் ரொம்ப நேரம் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார். "வீராசாமின்னு ஒர்த்தன் கீறான். அவன் ஜோடி துபாய்க்குப் பூட்டான். ஆனா ராத்திரில கொறட்ட உடுவான், டயர் வெடிக்கற மாதிரி. தாங்குவியா?"

"தாங்கிக்கறேன்ணே."

அட்டை மறுபடி கட்டுக்குள் போனது.

அண்ணன் ஃபோன் செய்ததும், வீராசாமி தன் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து ஏறிக்கொள்வதாகச் சொன்னார். வண்டியை ஷெட்டிலிருந்து ரிவர்ஸில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கரண்ட் கம்பம், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் கூட மிச்சமில்லை. தமிழரசு ஏறி உட்கார்ந்தான். வண்டி இரண்டு அடி வந்து நின்றது. மறுபடி முன்னால் போனது. இடது கண்ணாடியில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை.

எப்போது பின்னால் போனேன் என்று எனக்கே தெரியாது. இடது மூலையில் நின்று லாரியின் பாடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். "வர்ட்டும்... வர்ட்டும்... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... அப்டியே வர்ட்டும்."

என் முகத்தைப் பார்க்காதவன் என் குரலுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினான். ஒடி என்றால் ஒடித்தான், விடு என்றால் விட்டான். மதில் விரல்கடை தூரத்தில் நழுவிப் போனது. கம்பம் போனது. பின்சக்கரங்கள் ரோட்டில் இறங்கின.

"ஹோல்டான்!"

பிரேக் காற்று புஸ்ஸென்று வெளியேற, வண்டி நின்றது. ரோடு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. இனி 'ரைட்' என்று நான் சொன்னால்தான் கிளம்பும். என் உள்ளங்கை பாடியின் மேலேயே இருந்தது. சூடான தகரம். இன்ஜினின் நடுக்கம் அதன் வழியாக என் முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது.