மைனஸ் சார் போட்ட டிக்

"அப்பாவுக்கு உன் மேல மட்டும் தாராளம்மா," என்றாள் மகள், என் நோட்டைப் புரட்டிக்கொண்டே. "நான் ஒரு புள்ளி விட்டாலும் அரை மணி நேரம் பாட்டு. உனக்குப் பாரு, எல்லாமே ரைட்டு!"

சிரித்துக்கொண்டேதான் நோட்டை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் எனக்குத் தேர்வு. துணைமின் நிலையத்தில் பதினான்கு வருடமாக மீட்டர் பார்த்துக் குறிக்கும் எனக்குப் பொறியாளர் பயிற்சியில் சேர இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். தேறினால் இரண்டு வருடம் வேறு ஊரில் தங்கிப் படிக்க வேண்டும். "போயிட்டு வா, வீட்ட நான் பாத்துக்கறேன்" என்று முதலில் சொன்னவரே அவர்தான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். விட்டுப்போன ஒரு மைனஸைக்கூட மன்னிக்க மாட்டார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் மைனஸ் சார். தினமும் ராத்திரி நான் கலப்பெண் அணிக்கோவைக் கணக்குகளை, அதாவது i என்ற கற்பனை எண் கலந்த எண் கட்டங்களுக்கு விடை காணும் கணக்குகளை, போட்டுவைப்பேன். காலையில் பார்த்தால் அவருடைய சிவப்பு டிக் இருக்கும். அந்த டிக்கைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் நாள்களில் பஸ்ஸில் இடம் கிடைக்காதது கூடத் தெரியாது.

மகள் விளையாடப் போனதும் பாடப்புத்தகத்தைக் கடைசியாக ஒருமுறை திருப்பினேன். இத்தனை நாள் படிக்காமல் தாண்டிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. மூலைவிட்டத்தில் சாதாரண எண்கள். அதற்கு இருபுறமும் எதிரெதிரே நிற்கும் எண்களில் i-யின் குறி மட்டும் மாறியிருக்கிறது. அப்படி அமைந்தால் விடையில் i மிஞ்சவே மிஞ்சாது.

என் நோட்டில் மிஞ்சியிருந்தது. அதே அமைப்பில் ஏழு கணக்குகள்; ஏழிலும் இரண்டாவது உறுப்புக்கு முன்னால் போட வேண்டிய மைனஸை விட்டிருந்தேன். ஏழுக்கும் டிக். அசதியில் பார்த்திருப்பார், பாவம் என்று நினைத்தபடி மேசையில் கிடந்த அவருடைய மாணவர்களின் தாள்களைப் பார்த்தேன். முதல் தாளிலேயே அதே தப்பு. சுற்றிலும் சிவப்பு வட்டம். "மைனஸ் எங்கே?" தேதி, என் நோட்டில் டிக் போட்ட அதே நாள்.

காலி வாளியோடு இறங்கி வந்தார்.

"ஏங்க, இந்தக் கணக்குக்கு விடை என்ன?" விடையைக் கையால் மறைத்துக் கேள்வியை மட்டும் காட்டினேன்.

நின்றபடியே மனதுக்குள் போட்டார். "மைனஸ் நாலு."

கையை எடுத்தேன். கீழே என் விடை, மைனஸ் 2i. பக்கத்தில் அவருடைய டிக். வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"தப்புன்னு சொன்னா நீ சோர்ந்து போயிடுவேன்னு..."

"நானா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

வாளியை இறக்கி வைத்தார். பிறகு, "ரெண்டு வருஷம்டி," என்றார். "ஒரு வாரம் நீ ஊருக்குப் போனாலே எனக்கு வீடு வீடா இருக்காது."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஒருவேளை போகாமலேகூட இருந்திருப்பேன். இது தெரியாம நான் தோத்துட்டு வந்து உங்க தோள்லதானே சாஞ்சிருப்பேன்? அதுக்கும் ஆறுதல் சொல்லியிருப்பீங்க இல்ல?"

மேசை முனையில் உட்கார்ந்து புதிய பக்கத்தை எடுத்தேன். ஏழையும் மறுபடி முதலிலிருந்து. எதிர் நாற்காலியில் மெதுவாக வந்து அமர்ந்தார். மூன்றாவது கணக்கில் பேனா நின்றபோது அவர் தலை என் பக்கம் சாய்ந்தது.

"ரெண்டாவது வரிசையில பாரு..."

தேர்வு அறையில் பக்கத்து பெஞ்சுக்காரி பார்த்துவிடாமல் மறைப்பதுபோல, இடது கையை வளைத்துத் தாளை மூடிக்கொண்டு எழுதினேன்.